தோற்றுப்போனால் வரும் படங்கள்

எங்கள் மாமாவுக்கு ஒரு விளையாட்டைக்கூட ஒழுங்காக ஜெயிக்கத் தெரியாது என்று ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் கண்டுபிடித்தேன். தெரியாது என்று சொல்வதும் சரியில்லை. தெரிந்தே தோற்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் அது. காசிமேட்டில் லாஞ்சு என்கிற விசைப்படகு ஒன்றுக்கு டிரைவராக இருந்த மாமா, அம்மாவின் தம்பி, திருவொற்றியூர் குப்பத்தில் எங்களோடுதான் இருந்தார். காலையில் படகுக்குப் பெயின்ட் அடிக்கப் போவார், மதியம் வலை தைப்பார், அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இருக்காது. அந்தச் சும்மா இருந்த நாட்களில் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். யாரோ தோஸ்து கொடுத்தாராம். “படிக்கிற பொண்ணு கீதுல்ல வூட்ல” என்று அம்மாவிடம் சொன்னார்.

படிக்கிற பொண்ணு நான்தான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடப் படியேறியவர்கள் கிடையாது. மருந்துச் சீட்டு, கரண்ட் பில், பஸ் போர்டு எல்லாம் நான் படித்துச் சொன்னால்தான் உண்டு. அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் என் படிப்புக்காக வந்த அந்தக் கம்ப்யூட்டருக்குள் படிப்புக்கு ஒன்றுமே இல்லை. வேலை செய்த ஒரே பொருள் ஒரு மீன்பிடிப் படகு விளையாட்டு.

விளையாட்டு எளிதுதான். மீன் பிடிக்க வேண்டும், பாறையில் மோதாமல், புயல் வருவதற்குள் துறைமுகம் திரும்ப வேண்டும். மற்ற விளையாட்டுகளில் தோற்றால் இரண்டு வார்த்தை வரும், திரை கறுத்துவிடும். இதைச் செய்த புண்ணியவானுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. தோற்கிற ஒவ்வொரு விதத்துக்கும் தனித்தனியாகப் படம் வரைந்து வைத்திருந்தான். பாறையில் மோதினால், படகோட்டியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு நண்டு உட்கார்ந்திருக்கும். டீசல் தீர்ந்தால், படகோட்டி குழம்புக் கரண்டியால் துடுப்புப் போடுவான். அம்மாவே கரண்டிப் படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டோல்கேட் பக்கத்து மாடி வீட்டிலிருந்து வரும் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். அவள் அண்ணன் இந்த விளையாட்டை முடித்துவிட்டானாம். கடைசியில் என்ன படம் வரும் என்று கேட்டதற்கு, “நீ ஜெயிச்சிப் பாத்துக்கோ, உங்களுக்குத்தான் கடல் நல்லாத் தெரியுமே” என்றாள். ஸ்கூல் திறக்கும்போது அந்தக் கடைசிப் படத்தை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அந்த லீவில் எனக்கு இருந்த ஒரே லட்சியம் அதுதான்.

கடைசி ஆட்டம்வரை நானே கொண்டுவந்துவிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. அலை நான்கு பக்கமும் வரும், என் விரலுக்கு அடங்காது. மாமாவிடம் கீபோர்டைக் கொடுத்தால், வெற்றிலை போடுகிறவர் மாதிரி நிதானமாக உட்கார்ந்து படகை அலைக்கு மேலே மேலே ஏற்றி இறக்கிக் கொண்டுபோவார். இங்கிலீஷை நான் படிப்பேன், சுக்கானை அவர் பிடிப்பார். இந்த ஏற்பாட்டில் நாங்கள் ஒரே நாளில் ஜெயித்திருக்க வேண்டும்.

பாதி வழியில் ஒரு ஆள் வருவான். பலகையைப் பிடித்தபடி தண்ணீரில் கிடந்து கையைத் தூக்குவான். அவனைத் தாண்டிப் போனால் துறைமுகம். நின்று ஏற்றிக்கொண்டால் நேரம் போய்விடும், புயல் பிடித்துக்கொள்ளும், தோல்வி.

மாமா நின்றார்.

தெரியாமல் நின்றுவிட்டார் என்று முதலில் நினைத்தேன். படம் வந்தது. உடைந்த படகு எப்படியோ கரை ஒதுங்கியிருக்கிறது, மீன் எல்லாம் கெட்டுப்போயிருக்கிறது, கம்பளி போர்த்திய அந்த ஆளும் படகோட்டியும் மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

“இன்னா எழுதிகீது?”

“தோத்துட்ட, படகு போச்சுன்னு எழுதிகீது மாமா. அவன ஏத்தாத. நேராப் போ.”

“சரி, மறுபடி போடு.”

மறுபடியும் நின்றார்.

“இன்னா மாமா நீ, சொல்லிக்கினே கீறேன்ல.”

“கை தூக்குறான் பாரு. எப்புட்றா வுட்டுட்டுப் போறது?”

“அது பொம்ம.”

“பொம்மைதான். தெரியாதா எனக்கு?”

அன்றிலிருந்து தினமும் அதே கூத்து. அவனையும் ஏற்ற வேண்டும், ஆட்டத்தையும் ஜெயிக்க வேண்டும் என்று மாமா பிடிவாதமாக வழி தேடினார். பாரம் குறைய ஐஸைக் கொட்டிப் பார்த்தார். மீனைக் கொட்டினார். வலையை அறுத்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வந்தது. ஒன்றில் படகோட்டி யாருடைய படகிலோ கூலிக்கு மீன் அரிந்தான். ஒன்றில் மழையில் குடை விற்றான், அவன் தலைக்கு மட்டும் குடையில்லை. எல்லாப் படத்துக்கும் கீழே அவன் தோற்றான் என்றே இருந்தது. மாமாவோ முடிந்த ஆட்டத்தைப் பற்றிக் கவலையே படாமல், மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து அந்தப் படங்களைப் பார்த்தார்.

“ஓனர் இன்னா சொன்னானாம்? எழுதிகீதா?”

“ஓனரே இல்ல மாமா இதுல.”

“இல்லாம இருப்பானா? வலைய அறுத்துட்டு வந்துகிறான். எவனாவது சும்மா வுடுவானா?”

“மறுபடி ஆடவான்னு கேக்குது. அவ்ளோதான் எழுதிகீது.”

“மறுபடி எங்கேருந்து ஆடுவான், படகே பூட்ச்சே” என்று மாமா திரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா மீனுக்கு உப்பு தடவிக்கொண்டிருந்தாள். “அவன் அப்டித்தான் ஆடுவான், வுட்ரு” என்றாள்.

நான் பிறப்பதற்கு முன்னால் மாமாவின் ஃபைபர் படகு எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே கவிழ்ந்த கதை எனக்கு மனப்பாடம். டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தவரை, தெலுங்கு பேசுகிற ஆட்களின் லாஞ்சு ஒன்று பார்த்தது. மீன் நிறைந்து இழுத்துக்கொண்டிருந்த வலையை அறுத்துவிட்டுத் திரும்பி வந்து தூக்கியது. கரைக்கு அருகில் நம்மூர் படகில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அந்த டிரைவர் யார், எந்த ஊர் என்று அழுகைக்கும் கும்பிடுக்கும் நடுவில் கேட்டு வைத்தவர்கள் இல்லை. கங்கையம்மனே படகாக வந்தாள் என்பது எங்கள் வீட்டு முடிவு. ஆடி மாதம் அவளுக்குக் கூழ் ஊற்றி, கோழி அறுத்து, கடனைத் தீர்த்துவிடுவோம். ஒவ்வொரு வருஷமும் கூழ் குடித்துக்கொண்டே எல்லோரும் அந்தக் கதையைச் சொல்வார்கள். மாமா மட்டும் சொல்ல மாட்டார். எனக்கு அந்தக் கதை வேறு, விளையாட்டு வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வயசு இல்லை; பார்த்திருந்தாலும் எனக்குக் கடைசிப் படம்தான் வேண்டியிருந்தது.

தடைக்காலம் முடிய ஒரு நாள் இருந்தது. மறுநாள் லாஞ்சில் ஐஸ் ஏறும், மாமாவும் ஏறிவிடுவார், திரும்பி வருவதற்குள் ஸ்கூல் திறந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவரை வாசலிலேயே மறித்தேன்.

“இன்னிக்கு நிக்க மாட்டேன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணு.”

“அதுக்கெல்லாம் சத்தியமா?”

“பண்ணு. நான் இவ்ளோ நாளா உனக்குப் படிச்சிச் சொன்னேன்ல.”

அம்மா உள்ளேயிருந்து, “கொயந்தகிட்ட இன்னாடா பேரம், பண்ணித் தொலையேன்” என்றாள். மாமா என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்.

படகு கிளம்பியது. அன்று மாமா ஓட்டிய ஓட்டத்தை இந்த விளையாட்டைச் செய்தவன் பார்த்திருந்தால் வேலைக்கே வைத்துக்கொண்டிருப்பான். பாதி வழி வந்தது. பலகை தெரிந்தது.

“டீச்சரம்மா” என்றார் மாமா. என்னைச் சீண்ட அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் அந்தக் குரலில் சீண்டல் இல்லை. “அந்த மூலைய கையால மூடு.”

“எதுக்கு?”

“மூடுன்னா மூடு.”

திரைக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். சூடாக இருந்தது. என் விரலிடுக்கில் ஒரு சின்னக் கை மேலே தூக்கியிருந்தது, பிறகு பின்னால் போனது. மாமா முன்னால் மட்டும் பார்த்தார்.

ஜெயித்துவிட்டோம்.

துறைமுகம் முழுக்கத் தோரணம், பேண்டு வாத்தியம், வானத்தில் பட்டாசு. படகோட்டி மாலையோடு நின்றான். நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். கதவோரம் வந்து பார்த்த அம்மா, “இதுக்கா இத்தினி பேஜாரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாமா கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. “அவன் இன்னா ஆனான், படி.”

“எவன்?”

“தண்ணில கெடந்தான்ல.”

“அவனப் பத்தி ஒண்ணும் எழுதல மாமா. வாழ்த்துக்கள்னு எழுதிகீது. நீதான் பெரிய கேப்டனாம்.”

“கீழ இன்னாமோ வருதே.”

விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் கீழேயிருந்து ஏறிக்கொண்டிருந்தன. ஏதேதோ தேசத்துப் பெயர்கள், வாயில் நுழையாதவை. “அது சும்மா பேருங்க” என்றேன்.

“படி.”

“எல்லாமா?”

“எல்லாந்தான்.”

எரிச்சலோடு படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் மாமா தலையாட்டினார். பாதியில் நிறுத்தினால் ம் என்றார். வேண்டுமென்றே இரண்டு பெயரைத் தாண்டினேன். அவை ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “அத்த வுட்டுட்ட” என்றார். படிக்கத் தெரியாத மனிதருக்கு அந்தப் பெயர்களில் என்ன கிடைக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பட்டாசில் பச்சை முதலில் வந்ததா, சிவப்பு முதலில் வந்ததா என்று டோல்கேட்காரி கட்டாயம் கேட்பாள், அதை மறந்துவிடக் கூடாதே என்ற கவலையில், வாய் பெயர்களைப் படித்துக்கொண்டே போனது.