ஆளில்லாத ரோடு

“செல்வி, லேப்டாப்ல அந்தக் கார் ஓட்டுற கேம் ஓடுமா? கஃபேல இருக்குல்லா, அது.”

“எல்லா லேப்டாப்லயும் ஓடாது அத்தான். கிராபிக்ஸ் கார்டு நல்லதா இருக்கணும்.”

“அது என்னது?”

“படம் வரையுற சாமான். சாதா லேப்டாப்ல அதுக்குன்னு தனியா மெமரி கிடையாது. மத்த வேலைக்கு இருக்கிறதுல கை வச்சு எடுத்துக்கிடும். கூட்டுக் குடும்பத்துல ஒரே அடுப்பு மாதிரி. விலை கூடினதுல அதுக்குத் தனியா இருக்கும்.”

“தனிக்குடித்தனம்னு சொல்லு.”

“ஆமா.”

“இப்ப சாதாவை எடுத்துட்டு, பெறகு கார்டை மட்டும் மாத்திக்கிட்டா?”

“லேப்டாப்ல மாத்த முடியாது அத்தான். போர்டோட சேத்துப் பத்த வச்சிருப்பான். எடுக்கும்போதே முடிவு பண்ணணும்.”

தளவாய் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “ரோட்ல ஆளுங்க நடப்பாங்களா?”

“நல்ல கார்டா இருந்தா நடப்பாங்க. மழை பெஞ்சா குடை பிடிப்பாங்க. நிழல்கூட விழும்.”

“கார்டு மோசமா இருந்தா?”

“ஆளே இருக்க மாட்டாங்க. ரோடும் கட்டடமும்தான்.”

அடுக்களையிலிருந்து அக்காள் மாடம்மாள் எட்டிப் பார்த்தாள். “நாப்பது வயசாவுது, விளையாட்டுச் சாமான் கேக்குது மனுசனுக்கு. ஒரு கிலுகிலுப்பையும் சேத்து வாங்கிக் குடுட்டி.”

தளவாய் சிரிக்கவில்லை. “இருக்கதுல மட்டமான கார்டா பாரு செல்வி, அது மதி,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

இந்தப் பேச்சு பொன்செல்விக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. இரண்டாயிரத்து ஒன்பது, ஜூன் மாதம், மழை பிடித்திருந்த நாள். அக்காள் புருஷனுக்கு ரோட்டில் ஆட்கள் நடமாடும் நல்ல கார்டின் மேல் ஆசை, செலவை நினைத்துத்தான் மட்டமானது போதும் என்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் அப்படி எடுத்துக்கொண்டிருக்க முடியாது.

தளவாய் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். மலையாள நாட்டுத் தலைநகரில், சாலை பஜார் என்ற கடைத்தெருவில், கோமதிநாயகம் அண்ணாச்சியின் அரிசி மண்டியில் மூட்டை சுமக்க வந்தவர், மண்டி வேனைக் கழுவிக் கழுவியே ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் எடுத்த பிறகு, வேன் ஓட்டிய காலம் வரை, அவர் மூட்டையைத் தொட்டதில்லை. சாலையின் சந்துகளில் இருபுறமும் கைவண்டியும் ஆட்டோவும் நெருக்கி நிற்க, லோடு ஏற்றிய வேனைப் பின்பக்கமாகவே கொண்டுவந்து மண்டி வாசலில் அணைத்து நிறுத்துவார். கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். அவருடைய மலையாளம் முழுவதும் போக்குவரத்துப் போலீஸ்காரர்களிடம் கற்றது. அதனால் பணிவான வார்த்தைகள் நிறையத் தெரியும், வேறு வார்த்தைகள் அதிகம் தெரியாது என்று மாடம்மாள் கேலி செய்வாள்.

இந்தப் பேச்சுக்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு நாள் அவர் வேனை விட்டு இறங்கிவிட்டார். முதுகு வலி என்று ஊருக்குச் சொன்னார்கள். அப்போது நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பொன்செல்விக்கும் அதையேதான் சொன்னார்கள். படிப்பு முடிந்து, நகரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, அக்காள் வீட்டு மாடியறைக்கு அவள் குடிவந்தபோது தளவாய் மண்டிக்குள்ளேயே எடை போடுகிறவராக இருந்தார். முதுகு வலிக்காரர் எப்படி அரிசி மூட்டையை நகர்த்துகிறார் என்று அவளுக்கு ஒரு தடவை தோன்றியது. கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவளுக்குக் குறைவு.

அட்டக்குளங்கரையில் இருந்த இன்டர்நெட் கஃபேக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பிரின்ட் எடுக்கப் போனபோது தளவாயும் துணைக்கு வந்தார். பக்கத்து மெஷினில் ஒரு ஊரின் தெருக்களில் கார் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மெஷின், ஊரில் ஈ காக்கை இல்லை. விளையாடிக்கொண்டிருந்தவன் எழுந்ததும் தளவாய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அம்புக்குறிகளின் மேல் விரல் வைத்து, சிக்னலுக்கு நின்று, வளைவில் வேகம் குறைத்து, அவள் வேலை முடிந்து காத்திருப்பதுகூடத் தெரியாமல் ஓட்டினார். அன்று மூன்றாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாடம்மாள் கரண்டியைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டது பொன்செல்விக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் கஃபேக்குப் போனார். சித்திரை மாதத்தில் கஃபேக்காரர் மெஷின்களுக்குப் புது கார்டு போட்டார். அந்த வாரம் பாதி ஆட்டத்தில் எழுந்து வந்தவர் மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை. மணிக் கட்டணத்தைக் கூட்டியிருப்பார்கள் என்று நினைத்தாள்.

ஓவர்பிரிட்ஜ் அருகே ஒரு கடைக்கு இருவருமாகப் போனார்கள். விற்பனைக்காரர் பளபளவென்ற ஒன்றைத் திருப்பிக் காட்டினார்.

“இது நோக்கிக்கோ மோளே. ஒன் ஜிபி கார்டாணு. இந்த விலைக்கு வேற எங்கயும் கிட்டாது கேட்டோ.”

பொன்செல்வி ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தாள். ஜிபி பெரிதுதான், சிப்பு சவலை. பக்கத்தில் இருந்ததில் அதில் கால்வாசி மெமரிதான், ஆனால் நல்ல சிப்பு. தளவாயிடம் மெதுவாக விளக்கினாள்.

“சாக்கு பெருசு, சொமக்கிறவன் நோஞ்சான்,” என்றார் தளவாய். “அப்படித்தானே?”

“அதேதான். இது சாக்கு சின்னது, ஆள் பயில்வான்.”

அவர் மூலையில் இருந்த ஒன்றைக் காட்டினார். தனி கார்டே இல்லாதது. “அது மதி செல்வி.”

“அதுல அந்த கேம் முக்கி முனகித்தான் ஓடும் அத்தான்.”

“முனகட்டும்.”

“மிச்சத்துக்கு நான் போடுறேன். எனக்கு போனஸ் வந்திருக்கு. நீங்க பேசாம இருங்க.”

அவர் வாயைத் திறந்தார். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தி சொந்தச் சம்பளத்தில் ஆசையாக வாங்கித் தருகிறபோது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வரவில்லை. பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் வழக்கம்போலக் கடைசி இருக்கைக்குப் போய், ரோடு தெரியாதபடி தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

மாடம்மாள் லேப்டாப் மூடியில் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் எடுத்து வந்தாள். பக்கத்து வீட்டு நேசமணி அக்கா வாசலில் நின்று சிரித்தாள்.

“பழத்தை எந்தச் சக்கரத்துக்கு அடியில வைக்கப் போற மாடம்மா?”

“வண்டி ஓட்டத்தானே வாங்கியிருக்கு? திருஷ்டிக்கு வேணும்லா.”

பொன்செல்வி எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்தாள். நிழல், மழை, ஆள் நடமாட்டம், எதையும் குறைக்கவில்லை. தளவாய் தரையில் சம்மணமிட்டு உட்கார, லேப்டாப் முக்காலியின் மேல் இருந்தது. ஊர் கண்ணாடி போல விரிந்தது. ஈர ரோட்டில் விளக்குகள் மினுங்கின. நடைபாதையில் ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். அவர் மிக மெதுவாகவே ஓட்டினார். இரண்டு தெரு தாண்டியிருக்கும். கையில் பையோடு ஒரு பெண் நடைபாதையிலிருந்து சட்டென்று ரோட்டில் இறங்கினாள்.

பிரேக் விரலுக்கு அடியில் இருந்தது. தளவாயின் விரல் அசையவில்லை. மடக்கியிருந்த வலது கால் தானாக நீண்டு, குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தது. மிதித்தபடியே நின்றது. முக்காலி சரிந்தது. பொன்செல்வி லேப்டாப்பைப் பிடித்தாள். அதில் கார் எங்கோ சுவரில் முட்டி நிற்க, அந்தப் பெண் ஒன்றும் ஆகாமல் எதிர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். தளவாய் எட்டி மூடியைச் சாத்தினார். சட்டையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?” என்றாள் மாடம்மாள். “ஆளுங்களை எதுக்குட்டி காட்டுற அவருக்கு?”

அன்றைக்குத்தான் சொன்னாள். விடிகாலை, இதே மாதிரி மழை. கழக்கூட்டத்துக்கு அரிசி இறக்கப் போன வேன். அங்கே ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்த ஒரு அம்மாள், காய்கறிப் பையோடு, பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்கே ஓடி வந்திருக்கிறாள். மார்த்தாண்டத்துக்காரி. தளவாயேதான் தூக்கி வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போகிற வழியில் அவள் தமிழில் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாளாம். என்ன கேட்டாள் என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை.

“கோர்ட்ல குத்தமில்லைன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் சொல்லிட்டாங்க. உனக்கு வரன் பாக்கிற நேரம், கொலைகாரன் வீடுன்னு பேரு வந்துரக் கூடாதுன்னு முதுகு வலின்னோம்.”

“எந்த இடம் அக்கா?”

மாடம்மாள் தயங்கினாள். “நீ தெனமும் இறங்குற ஸ்டாப்புதான்.”

பெருமழையிலும் ஹர்த்தால் அன்றும்கூட அத்தான் தன்னைக் கூப்பிட வராத காரணம் பொன்செல்விக்குப் புரிந்தது. மறுநாள் அவளால் அந்த ஸ்டாப்பில் இறங்க முடியவில்லை. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தாள். பையோடு யார் ரோட்டைக் கடந்தாலும் அவளுடைய வலது பாதம் செருப்புக்குள் இறுகியது. ஒரு வாரத்தில் அது பழக்கமாகவே ஆகிவிட்டது.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பத்த வைத்த கார்டை எடுக்கவும் முடியாது. ஆனால் விளையாட்டின் அமைப்புகளில் ஆள் நடமாட்டத்தைக் கூட்டக் குறைக்க ஒரு கோடு இருந்தது. வலது கோடியில் அவளே வைத்த புள்ளியை இடது கோடிக்கு இழுத்தாள். ஊர் காலியானது. எதுவும் சொல்லாமல் அதைத் திறந்த நிலையில் முக்காலியில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். சற்று நேரத்தில் கீழே எஞ்சின் சத்தம் கேட்டது.

பிறகு தினமும் கேட்டது. மண்டியிலிருந்து வந்து, குளித்து, திருநீறு பூசி, வேலைக்குப் போகிறவர் மாதிரி உட்கார்வார். மாடம்மாளுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை.

“இம்புட்டு வெளிச்சம், இம்புட்டு வீடு, ஒரு சனத்தைக் காணலையே. காலரா வந்த ஊரு மாதிரி இருக்கு.”

“ரோடு நல்ல ரோடு,” என்பார் தளவாய்.

ஓணம் நெருங்கியது. கோமதிநாயகம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். காபியைக் குடித்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“தளவாய், புது டிரைவருக்கு துபாய் விசா வந்துட்டு. ஓணம் லோடு எனக்கு நிக்காது. சாவி ஆணியிலதான் தொங்குது. நீ எடுத்தா உனக்கு. இல்லைன்னா வேற ஆள் பாக்கணும். ஓட்டுறவனுக்கும் ஓட்டாதவனுக்கும் சேத்துச் சம்பளம் போட என்னால ஆகாது. மனசுல வச்சுக்கிடாத வே.”

“இல்ல அண்ணாச்சி. நீங்க இத்தன நாள் பொறுத்ததே பெருசு.”

அவர் போன பிறகு தளவாய் வழக்கம்போல உட்கார்ந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த பொன்செல்வி அன்றுதான் கவனித்துப் பார்த்தாள். ஆளே இல்லாத அந்த ஊரில், ஆட்கள் ரோட்டைக் கடக்கக் கோடுகள் போட்ட ஒவ்வொரு இடத்திலும் அவர் காரை நிறுத்தினார். சிக்னல் பச்சையாக இருந்தாலும் நிறுத்தினார். எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும். ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிற அளவு நேரம் காத்திருப்பார். அவருடைய கண் இடமிருந்து வலமாக நகரும். பிறகு காரை எடுப்பார். அடுத்த கோட்டிலும் அப்படியே. புள்ளியை எந்தக் கோடிக்கு இழுத்தாலும் அந்த ரோடு காலியாகப் போவதில்லை என்று பொன்செல்விக்குத் தெரிந்தது. மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள்.

ஒரு கோட்டின் முன்னால் கார் வெகுநேரம் நின்றது. தளவாய் திரையைப் பார்த்தபடியே கூப்பிட்டார்.

“செல்வி.”

“என்ன அத்தான்?”

“ஒண்ணு கேட்டா செய்வியா? இதுல ஒரே ஒரு ஆளை மட்டும் ரோட்ல விட முடியுமா? கூட்டம் வேண்டாம். ஒருத்தங்க போதும். அவங்க குறுக்க வரட்டும், நான் நிறுத்திப் பாக்கணும். அதுவரைக்கும் நீ எந்திரிச்சுப் போயிராத, இங்ஙன பக்கத்துலயே இரி.”