நாற்காலியக்காவின் ஆற்றங்கரை

மாநகராட்சியில் அவளுக்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. அறைக் கதவில் பலகையும் மாட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே திருதிருவென்று முழிப்பார். "நாற்காலியக்கா எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள், மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்.

அக்கா வேலை பார்ப்பது ஆற்றங்கரைப் பிரிவில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் எல்லோரையும் போலத்தான் இருந்தாள். மேஜையில் வரைபடத்தை விரித்து, ஸ்கேலை வைத்து, கரையோரம் பெஞ்சுகளை அழகாக வரிசை கட்டி வரைந்தாள். கான்கிரீட் பெஞ்சுகளும் வந்து இறங்கின. மாலையில் போய்ப் பார்த்தால் ஒரு ஈ காக்கை... இல்லை, காக்கை மட்டும் இருந்தது. வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது, ஆறோ முதுகுப் பக்கம் ஓடுகிறது. எந்தப் புத்தியுள்ள மனுஷன் அங்கே உட்காருவான்? ஜனங்கள் எல்லாம் தள்ளிப்போய் ஒரு உடைந்த சுவர்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு மானம் போயிற்று. அந்த பெஞ்சுகளைப் பெயர்க்க யாருக்கும் மனசு வராததால், இன்றைக்கும் காக்கைகள் அவற்றை ஆண்டு அனுபவிக்கின்றன.

அதற்குப் பிறகு அவள் கண்டுபிடித்த வழிதான் நாற்காலி. சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி. புதிதாகத் திறக்கும் இடத்தில் ஒரு வரிசை போட்டுவிட்டு வந்துவிடுவாள். ஜனங்கள் இழுத்துக்கொண்டு போவார்கள், நிழலுக்கு, காற்றுக்கு, தண்ணீருக்குப் பக்கத்தில். ஆபீசர் நின்று பார்த்தால் ஜனங்களுக்குக் கூச்சம் வரும் என்று மாலையில் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டாள். காலையில் வந்து, நாற்காலிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று படம் எடுப்பாள். ஒரு வாரம் கழித்து, அவை அதிகம் கிடந்த இடத்தில் பெஞ்சு வரும்.

"எங்கே உக்காரப் பிடிக்கும்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாது. கையில நாற்காலியைக் கொடுத்தா தானா இழுத்துட்டுப் போயிடுவாங்க" என்பாள். இரவில் யாராவது தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா என்று கேட்டால், "போகட்டுமே, வீட்லயாவது நல்லா உக்காரட்டும்" என்று சிரிப்பாள்.

வேடிக்கையாகப் பேசுகிறாளே தவிர, உள்ளே ஒரு கோபம் உண்டு. அவள் பிறந்து வளர்ந்தது ஆற்றுக்கு மிக அருகில் இருந்த ஒரு சந்தில். மிக அருகில் என்றால், படகுச் சங்கு ஊதினால் அடுக்களைப் பாத்திரம் அதிரும். ஆனால் சந்தின் கடைசியில் உப்புக் கிடங்கின் மதில். அதற்கு அந்தப் பக்கம் ஆறு. கிடங்குக்காரர்களைத் தவிர ஒருவருக்கும் தண்ணீர் கண்ணில் படாது. பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அழைத்துப் போனபோது, பஸ் பாலத்தின் மேல் ஏறியது. "டீச்சர், இது எந்த ஊர் ஆறு?" என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்காமல், "நம்ம ஊர் ஆறுதாம்மா" என்றார். சொந்த ஊர் ஆற்றை விருந்தாளி மாதிரி ஜன்னல் வழியே பார்த்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் பிரிவுக்கு வந்த பிறகு மதில்கள் ஒவ்வொன்றாக இறங்கின. சணல் கிடங்கு நூலகம் ஆயிற்று. பழைய பாரந்தூக்கியை உடைத்து இரும்புக்குப் போடப் போனவர்களிடம் மல்லுக்கு நின்று, சாயம் பூசி அங்கேயே நிறுத்தினாள். கரையோரம் நடைபாதை நீண்டுகொண்டே வந்தது. மிச்சம் இருந்தது உப்புக் கிடங்குக்குப் பின்னால் இருந்த ஒரு துண்டுதான். அவளுடைய சந்தின் கடைசி. அங்கே தண்ணீருக்குள் இறங்கும் கல் படிக்கட்டு இருந்தது. நகரத்தில் ஆற்றில் கால் நனைக்க இருக்கிற ஒரே இடம் அதுதான்.

அந்தத் துண்டின் மேல்தான் கார் நிறுத்துமிடக் குத்தகைக்காரருக்குக் கண். படிக்கட்டை மூடித் தளம் போட்டால் போதும் என்றார். ஆணையர் நியாயஸ்தர்தான், ஆனால் வளவளவென்று பேசினால் பிடிக்காது.

"மேடம், உங்க நாற்காலியையே போடுங்க. ஜனங்க வந்து உக்காந்தா கரை அவங்களுக்கு. வரலைன்னா கார்களுக்கு. சரிதானே?"

"சரி சார்" என்றாள் அக்கா. அவ்வளவு நம்பிக்கை.

மதிலில் வழி திறந்தார்கள். அக்கா தன் கையாலேயே நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், வைத்தது வைத்தபடி. அதற்கடுத்த நாளும் அப்படியே. வாரம் முழுக்க ஒரு நாற்காலியாவது ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டுமே? ஊஹும். காற்றுக்குக்கூட ஒன்றும் நகரவில்லையே என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. துக்கம் கண்ணை மறைத்துவிட்டது. "எங்க சந்துக்காரங்களுக்கே ஆறு வேண்டாம்னா நான் யாருக்காக அடிச்சுக்கறேன்?" என்று அலுவலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, யாரும் வரவில்லை என்று உள்ளது உள்ளபடி அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டாள். பொய் எழுத அவளுக்கு வராது.

மறுநாள் நாற்காலிகளை ஏற்றிவரச் சீக்கிரமே லாரியோடு போனாள். சூரியன் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தது. படிக்கட்டுப் பக்கம் ஒரு ஆள் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றைத் துளியூண்டு முன்னால் தள்ளினார்.

அவளுடைய வீட்டுக்காரர்.

இவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலில் செருப்புகள் அணிவகுப்பில் நிற்கும். அடுக்களையில் டப்பாக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். அக்கா போட்டது போட்டபடி போகிறவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பின்னாலேயே போய் எடுத்து வைப்பவர் அவர். முணுமுணுத்தது கிடையாது. வாய் திறந்து அன்பைச் சொல்லத் தெரியாத மனுஷன், அதைத்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய வேலையைப் பற்றி மட்டும் அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. டாக்டர் சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருந்தார். பார்க்குக்குத்தான் போகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

அவர் நிமிர்ந்து, பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு நின்றார். "தினமும் ஒரே அலங்கோலம்மா. கண்டபடி இழுத்துப் போட்டுட்டுப் போயிடறாங்க. நாற்காலியக்கா போட்டதுன்னு ஊருக்கே தெரியும், ஆபீசர் யாராவது வந்து பார்த்தா உன்னைத்தானே சொல்லுவாங்க. அதான், நீ வர்றதுக்குள்ள சரி பண்ணி வெச்சுடுவேன்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. லாரி டிரைவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். விஷயத்தைச் சொன்னபோது வீட்டுக்காரரின் முகம் செத்துப்போயிற்று.

"நல்லது பண்றதா நினைச்சு உன் குடியைக் கெடுத்துட்டேனேம்மா."

"என் குடி நீங்கதான். வாங்க, ஆணையர்கிட்ட போகணும்."

சொல்லிவிட்டாளே தவிர, யார் நம்புவார்கள்? கரை கைவிட்டுப் போனதும் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து கதை கட்டுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அவள் பயந்தபடியே, ஆணையர் கூட்டிய கூட்டத்தில் குத்தகைக்காரர் சிரித்தார். "சார், புருஷன் சாட்சி பொண்டாட்டிக்கா? நல்லா இருக்கே."

வீட்டுக்காரர் நான்கு பேர் முன்னால் பேசியே பழக்கமில்லாதவர். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எழுந்தவர், வழக்கம்போல அதை நேராக வைத்தார். பிறகுதான் பேசினார்.

"மரத்தடியில எப்பவும் நாற்காலிங்க ஒரு கும்பலா கிடக்கும் சார். வட்டமா. மதில் ஓரம் ரெண்டு நாற்காலி ஒட்டிக்கிட்டு இருக்கும், பிரிக்கவே சங்கடமா இருக்கும்."

"அப்புறம் ஏன் சார் பிரிச்சீங்க?" என்றார் ஆணையர்.

"வரிசைன்னு ஒண்ணு இருக்கே சார்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் அடுக்கினப்புறம் ஒண்ணை மட்டும் கீழ்ப் படிக்கட்டுக்குத் தூக்கிட்டுப் போய் நானும் உக்காருவேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் அதையும் வரிசையில வெச்சுடுவேன்."

"பாருங்க சார், வந்து உக்காந்த ஒரே ஆள் இவருதான்" என்று குத்தகைக்காரர் தொடையைத் தட்டினார்.

ஆணையர் குத்தகைக்காரரைப் பார்க்காமல், "நீங்க ஏன் உக்காந்தீங்க?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் யோசித்தார். "வேலை இருந்தவரைக்கும் காலையில எந்திரிச்சா போறதுக்கு டெப்போ இருந்துச்சு சார். இப்ப சட்டையை மாட்டிக்கிட்டு எங்க போறதுன்னு தெரியல. இவ பாவம் ஆபீஸ் போற அவசரத்துல இருப்பா, அவகிட்ட என்னன்னு சொல்றது? அங்க போய் உக்காந்தா யாரும் ஏன் வந்தேன்னு கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா குனிந்துகொண்டாள். ஊரில் யார் எங்கே உட்கார ஆசைப்படுகிறார்கள் என்று நாற்காலி போட்டுப் போட்டுப் பார்த்தவளுக்கு, வீட்டுக்குள் ஒரு மனுஷன் உட்கார இடமில்லாமல் தவித்தது தெரியாமல் போய்விட்டது. அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆணையர் தொண்டையைச் செருமினார். "இன்னொரு வாரம் போடுங்க. உங்க ஆளுங்க வேண்டாம், என் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து படம் எடுப்பாங்க. மேடம், இவரை மட்டும் வீட்டுல கட்டிப் போடுங்க."

கட்டிப் போடவில்லை. அக்கா லீவு போட்டுவிட்டு அந்த வாரம் முழுக்கக் காலையில் அவரோடு பார்க்கைச் சுற்றி நடந்தாள். நாற்காலிகள் தறிகெட்டு அலைந்தன. மரத்தடிக்கு, மதிலோரத்துக்கு, படிக்கட்டில் தண்ணீர் தொடுகிற இடம் வரைக்கும். ஆணையர் அலுவலகத்துக்குப் போன படங்களைப் பார்த்துவிட்டு, குத்தகைக்காரர் வேறு இடம் தேடப் போனார். கரை ஜனங்களுக்கு என்று உத்தரவு வந்தது.

பெஞ்சுகள் பதித்த அன்று இருவரும் போனார்கள். நாற்காலிகள் கிடந்தபடியே ஒன்று ஆற்றைப் பார்த்து, ஒன்று மரத்தைப் பார்த்து, ஒன்றுக்கொன்று வரிசை சேராமல் கோணலும் மாணலுமாக பெஞ்சுகள் நின்றன. சிமெண்ட் இன்னும் காயவில்லை. வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கீழ்ப் படிக்கட்டுக்கு மேலே இருந்த பெஞ்சின் முன் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நன்றாகவே கோணலாக இருந்தது. அவருடைய கை தானாக பெஞ்சின் விளிம்புக்குப் போயிற்று.

"ஏங்க" என்றாள் அக்கா.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "இருக்கட்டும்மா" என்றார். "இப்படி இருந்தாத்தான் ஆறு நல்லாத் தெரியுது."

காய்கிறவரை காத்திருந்து இருவரும் உட்கார்ந்தார்கள்.