பூட்டிய கேட்டும் என் தாத்தாவின் இரண்டாம் தாரமும்

லீவில் என் வகுப்பில் பாதிப் பேர் ஊட்டிக்குப் போனார்கள். நானும் அம்மாவும் பூட்டிய கேட் ஒன்றைப் பார்க்கப் போனோம். ஜூன் முதல் வாரம், வெள்ளிக்கிழமை.

காரணம், ஒன்பது வயது நிரோஜா. சித்திரை மாதம் ஒரு விடியற்காலையில் அவளும் அவள் அம்மாவும் இலங்கையிலிருந்து படகில் வந்து எங்கள் கரையில் இறங்கினார்கள். மீன் விற்கிற என் அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு போட்டாள். பத்து மணிக்குப் போலீஸ் வந்து தஞ்சாவூர் பக்கம் ஒரு முகாமுக்கு அழைத்துப் போனது. அவர்களுடைய ஒரு பை மட்டும் எங்கள் வலைக் குவியலுக்குள் தங்கிவிட்டது. அதில் நிரோஜாவின் பிறப்புச் சான்றிதழும் பள்ளி மதிப்பெண் தாளும் இருந்தன.

முகாமுக்குப் போய்வரும் வக்கீல் ஒருவர் போன் செய்தார். உள்ளே இருக்கும் பிள்ளைகளில் யாரை வெளியே பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்ற பட்டியலை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முடிக்கிறார்களாம். தாள் இல்லாத பிள்ளை இன்னொரு வருடம் உள்ளேயே. அவ்வளவுதான் விஷயம்.

பட்டுக்கோட்டையில் 10.15க்கு பஸ். தஞ்சாவூர் சுமார் 48 கிலோமீட்டர், ஆளுக்கு 40 ரூபாய், ஒன்றரை மணி நேரம் ஆகும். எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. ஒரத்தநாடு தாண்டியதும் மறியல். புறவழிச்சாலைக்கு எடுத்த நிலத்தில், குறுவைக்கு விட்டிருந்த நாற்றங்காலிலேயே ஜேசிபி இறங்கியிருந்தது. நடுரோட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் அம்மா போய் நின்றாள்.

"அண்ணே, ஒரு புள்ளைய ஸ்கூல்ல சேக்கணும், நாலு மணிக்குள்ள போகணும்ணே."

"நாங்க எங்க வயலுக்குள்ள போவத்தாம்மா உக்காந்திருக்கோம். செத்த பொறுங்க, தாசில்தார் வந்துட்டிருக்காரு."

வந்தார், பேசினார், வழி விட்டார்கள். 1.15க்குத் தஞ்சாவூர். சாப்பிடவில்லை. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் 14 கிலோமீட்டர். பெண்களுக்கு இலவசம் என்பதால் டிக்கெட்டில் பூஜ்யம். என் கணக்கு மார்க் ஞாபகம் வந்தது. இறங்கும்போது மணி 2.30.

வாசலில் 'சிறப்பு முகாம்' என்று பலகை. சிறப்பு கண்ணில் படவில்லை, சிறைதான் பட்டது. தகரக் கதவு, மேலே முள்கம்பி, பதிவு மேசையில் ஒரு ஏட்டு. படிவத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம். ரத்த சொந்தத்துக்கு மட்டும்தான் பார்க்க அனுமதி.

எங்கள் கரையில் படகிலிருந்து இறங்கி வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டவர்களை முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். "தங்கச்சின்னு எழுதுடி" என்றாள் அம்மா, சந்தேகமே இல்லாமல். நான் அதோடு விடுவேனா? தாத்தாவுக்கு இரண்டாம் தாரம், தலைமன்னாரில் ஒரு கிளை, அதில் ஒரு மகள், அவள்தான் நிரோஜாவின் அம்மா என்று வம்சமே வரைந்து நீட்டினேன்.

ஏட்டு ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினார். "இந்தியாவுல எனக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லன்னு அந்தம்மா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு. நீ குடும்பத்தையே கொண்டாந்துட்ட. அப்ப அந்தம்மா சொன்னது பொய்யா?"

அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் அவர்கள் அடைக்கலம் கேட்டிருக்கிறார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதில் ஒரு வரி பொய் என்று ஆனால் பள்ளிக்கூடம் மட்டுமா போகும்?

"இல்ல சார். பொய் சொன்னது நான்."

"அப்ப ஒங்க தாத்தா?"

"ஒரே தாரம் சார். அதையே சமாளிக்க முடியல அவரால."

அவர் சிரிக்கவில்லை. படிவத்தைக் கிழித்துப் புதிதாக ஒன்று கொடுத்தார். உறவு: இல்லை. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப புள்ளைய பாக்க முடியாதாங்க?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"கலெக்டர் ஆபீஸ் லெட்டர் இருந்தாத்தாம்மா. தாள மட்டும் குடுங்க."

3.20க்கு வாங்கிக்கொண்டு நகலில் முத்திரை வைத்தார். பட்டியலின் கடைசி வரியில் நிரோஜாவின் பெயரை எழுதியதை என் கண்ணால் பார்த்தேன்.

கிளம்பும்போது தகரக் கதவின் இடுக்கில் இரண்டு விரல்கள். "பெரியம்மா! என்ர பை கொண்டு வந்தனீங்களோ?"

ஏட்டு பேனாவைக் கையில் எடுத்திருந்தார். "சார், அது சும்மா கூப்பிடுது சார்..."

"தெரியும். என்னையே மாமாங்குது" என்றார். எழுந்துபோய், "உள்ள போ பாப்பா" என்று சொல்லி கதவை இழுத்துச் சாத்தினார் மாமா.

திங்கட்கிழமை நிரோஜா பள்ளிக்குப் போனாளாம். கூடவே ஒரு போலீஸ்காரர், வகுப்பு வாசல் வரை. அவள் செய்த குற்றம் என்ன என்று வக்கீலிடம் கேட்டேன். படகில் வந்தது என்றார். படகில் ஏறும்போது வருகிறாயா என்று அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

போகிறவர்களுக்கு: ஆதார் நகல் இரண்டு, கலெக்டர் ஆபீஸ் கடிதம். சமைத்த சாப்பாடு உள்ளே போகாது. ஒரத்தநாடு வழியில் கூடுதலாக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உறவுக் கட்டத்தில் விளையாடாதீர்கள். நீங்கள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், நீங்கள் எழுதியது உள்ளே இருப்பவர்களோடு தங்கிவிடும்.