சுழலில் ஆறு சுற்று

நாங்கள் குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் மலைப்பகுதி வரும். அங்கே ஓர் ஏரியிலிருந்து ஒரு சிற்றாறு கிளம்புகிறது. கிளம்பும் இடத்தில் அதை ஆறு என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. மகள் ஒரே தாவலில் அக்கரைக்குப் போய்விட்டாள்.

"இதுலயா டியூப்ல மிதக்கப் போறோம்?" என்றாள் மனைவி.

"கீழ போகப் போக பெருசாகும்" என்றேன், உட்கார்ந்து மிதக்கிற காற்றடைத்த ரப்பர் டியூப்களை வாடகைக்குக் கொடுத்தவர் சொன்னதை நானே கண்டுபிடித்த மாதிரி. எனக்கு நீச்சல் தெரியாது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பாதி தூரம் தண்ணீர் கணுக்காலளவுதான். டியூப்களைத் தலையில் சுமந்துகொண்டு கூழாங்கற்களில் தள்ளாடி நடந்தோம். பிறகு இரண்டு ஓடைகள் வந்து கலந்தன. ஏறி உட்கார்ந்தோம். ஆறு இடப்பக்கம் வளைந்தது, பாறைகளுக்கு நடுவே ஒடுங்கியது, சட்டென்று வேகமெடுத்தது. மனைவியும் மகளும் சிரித்துக்கொண்டே வழுக்கிப் போனார்கள். நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் ஒரு பெரிய பாறையைத் தாண்டி, அதன் மறைவில் கரையோரமாக இருந்தேன். அங்கே தண்ணீர் மெல்லச் சுழன்று வந்த வழியே பாறைவரை திரும்பி, மறுபடி கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது. கூடவே நானும்.

கரையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். முதல் சுற்றில் "ஹலோ" என்றார். இரண்டாவதில் வெயிலைப் பற்றிப் பேசினோம். மூன்றாவதில் சொந்த ஊர் எது என்று கேட்டார். "திருப்பூர்" என்று ஆரம்பிப்பதற்குள் டியூப் திரும்பிவிட்டது. மிச்சத்தைப் பாறையிடம் சொன்னேன். நான்காவது சுற்றில் இரண்டு பேரும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டோம். ஐந்தாவதில் அவர் நாகரிகமாக வானத்தைப் பார்த்தார்.

ஆறாவதில் வெட்கத்தை விட்டு, மாட்டிக்கொண்டேன் என்றேன்.

"அடடா, நீங்கள் ரசித்துச் சுற்றுகிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்!" என்று பதறி, பக்கத்தில் வைத்திருந்த மீன் அள்ளும் வலையின் கம்பை நீட்டினார். நான் பிடித்த பிடியில் தலைகுப்புற உள்ளே விழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் நிதானமாக எழுந்து நின்றார். தண்ணீர் அவர் இடுப்புக்குக்கூட வரவில்லை.

"இந்த ஆற்றிலேயே ஆழமான இடம் இதுதான்" என்றார், தொப்பியைப் பிழிந்தபடி.

அதற்கப்புறம் நான் கரையோரமாகவே நடந்தேன். கீழே பாலத்தைத் தாண்டி, பெரிய ஆற்றில் இந்தச் சிற்றாறு சத்தமே இல்லாமல் கலக்கிற இடத்தில் மனைவியும் மகளும் காத்திருந்தார்கள்.

"அப்பா, வேர் வெர் யூ இவ்ளோ நேரம்?" என்றாள் மகள்.

"வழியில ஒரு ஃப்ரெண்ட பாத்தேன்மா" என்றேன்.