இன்ஸ்பெக்‌ஷன் அன்று அழாத பிள்ளைகள்

கிருபை முதல் மனு அடிக்க வந்த நாளில் நான் அவளைத் திருப்பி அனுப்பத்தான் பார்த்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்காது.

தூத்துக்குடி தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு மேஜை, ஒரு தமிழ் டைப்ரைட்டர், தலைக்கு மேலே ஒரு கித்தான். வன்னியபெருமாள் என்கிற என்னுடைய ராஜ்யம் அவ்வளவுதான். பட்டா மனு, ரேஷன் கார்டு மனு, வாரிசு சர்டிபிகேட் மனு என்று வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பாதியை அடித்துவிடுவேன். 1974 ஆவணியில் வந்து நின்ற இந்தப் பெண்ணின் மனு மட்டும் எனக்குத் தெரிந்த எந்த வகையிலும் அடங்கவில்லை.

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஒரு ரூமும், கவர்மெண்ட் சம்பளத்துல ஒரு டீச்சரும் கேக்கணும் அண்ணாச்சி. எம் பிள்ளைக்கும், இவள மாதிரி இருக்க மத்த பிள்ளைகளுக்கும்."

பக்கத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை நின்றது. பெயர் ஜீவமணி. என் முகத்தைப் பார்க்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. டைப்ரைட்டரில் வரி முடியும்போது மணி அடிக்கும் அல்லவா, அதைக் கேட்டதும் ஓடி வந்து உருளையைப் பிடித்துத் திருப்ப ஆரம்பித்துவிட்டது. என் மிஷினில் கை வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

"யம்மா, பிள்ளையப் பிடிங்க. இதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நேர்ல கேக்க வேண்டியது. மனுல நிக்காது."

"நேர்ல கேட்டாச்சு. எழுதிக் குடுன்னு சொல்லுதாங்க. நீங்க அடிங்க, நிக்குதா விழுதான்னு நான் பாத்துக்கிடுதேன்."

அப்படிச் சொன்னவளுக்கு நான் பக்கத்துக் கடையில் ஒரு டீ சொன்னேன். டம்ளர் வந்தது. அவள் கையில் எடுப்பதற்குள் ஜீவமணி ரோட்டைப் பார்த்து ஓடியது, இவள் பின்னால் ஓடினாள். திரும்பி வந்தபோது டீயில் ஆடை கட்டியிருந்தது. அடுத்த இரண்டரை வருஷத்தில் அவளுக்கு நான் எத்தனையோ டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் ஆறிப்போன டீதான். மேலே ஒரு தட்டைப் போட்டு மூடிக்கூடப் பார்த்தேன், பிரயோஜனமில்லை.

கிருபைக்குச் சொந்த ஊர் நாசரேத். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். அவள் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். எதையும் நேராக நிறுத்தி, மூலையைத் தட்டி, அழகாக வைக்கிற கை அவளுக்கு. புருஷன் செல்வதுரை மீன்துறையில் சங்கு அளக்கிற உத்தியோகம். குளியாட்கள் கடலடியிலிருந்து எடுத்து வருகிற சங்கை, வட்டத் துளை போட்ட பலகையில் வைத்து அளப்பார்கள். துளைக்குள் விழாமல் நின்றால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். விழுந்துவிட்டால் அது இன்னும் வளர வேண்டிய சங்கு, உயிரோடு திரும்பக் கடலில் விட வேண்டும். வார்த்தையையும் அப்படி அளந்து அளந்தே விடுகிற மனுஷன் செல்வதுரை. நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும்.

ஜீவமணி இரண்டு வயதில் நாலைந்து வார்த்தை பேசியது. மூன்று வயதில் அதுவும் போய்விட்டது. காது கேளாதவர்கள் பள்ளிக்கூடத்தில், காது நன்றாகத்தான் கேட்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். சாதாரணப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வைத்துக்கொண்டு மறுநாள் வேண்டாம் என்றார்கள். வேதக்கோவிலில் ஆர்மோனியம் ஆரம்பித்தாலே பிள்ளை கையைக் கடித்துக்கொண்டு அலறும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிருபை வெளியே புங்கமரத்தடியில் பிள்ளையோடு நின்று ஆராதனை கேட்பாள். என்ன பாவம் செய்தாளோ என்று அவள் காதுபடவே பேசினார்கள். அப்படிப் பேசினவர்களின் மனுவையும் நான் அடித்துக் கொடுத்திருக்கிறேன், என் பிழைப்பு அப்படி.

கடைசியில் வேலூருக்குப் போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா மூன்று மாதம் பார்த்துவிட்டு, இதற்கு ஆட்டிசம் என்று பேர் சொன்னார். பாவமும் இல்லை, வளர்ப்புக் கோளாறும் இல்லை, பிள்ளை உலகத்தை வேறு விதமாக வாங்கிக்கொள்கிறது என்றார். தாகம் எடுத்தால் டம்ளரைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுக்க ஜீவமணிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஒன்றுக்கு மூன்று மாதம் பிடித்தது. ஆனால் வந்துவிட்டது. கிளம்பும்போது டாக்டரம்மா, "இப்படிச் சொல்லிக்கொடுக்க ஊர்லயே ஆளைப் பாருங்க. பத்து வயசுக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு" என்று சொல்லி அனுப்பினார். ஊரில் அப்படி ஒரு ஆள் கிடையாது. பத்து வயதுக்கு நாலு வருஷம்தான் இருந்தது. கிருபையின் ஓட்டம் முழுக்க அந்த நாலு வருஷத்தோடு போட்டி போட்டுத்தான்.

முதல் மனுவை ஆஸ்பத்திரி கல்வித்துறைக்கு அனுப்பியது. கல்வித்துறை, இது நோய் சம்பந்தப்பட்டது என்று சுகாதாரத் துறைக்குத் தள்ளியது. சுகாதாரத் துறை சமூக நலத்துறையைக் கை காட்டியது. அவர்கள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவைத்தார்கள். ஊரைச் சுற்றி வந்த மனுவை என் மேஜையில் வைத்து கிருபை சிரித்தாள்.

"எனக்கு முன்னால என் மனு திருநெல்வேலியெல்லாம் பாத்துட்டு வந்துட்டு அண்ணாச்சி."

"ஒரு பிள்ளைக்குன்னா எவனும் அசைய மாட்டான். எத்தனை பிள்ளை இருக்குன்னு பேரோட வேணும்" என்றேன். வாய் சும்மா இருந்ததா. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அங்கன ஒரு பிள்ளை இருக்காம், இங்கன ஒரு பிள்ளை இருக்காம் என்று காதில் விழுந்த இடத்துக்கெல்லாம் ஜீவமணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். பல வீடுகளில், அப்படிப் பிள்ளை இங்கே கிடையாது என்று கதவைச் சாத்தினார்கள். ஜீவமணி அலறும்போது மட்டும் கதவு திறந்ததாம். திரேஸ்புரத்தில் தோணிக்காரர் மரியான் கிடைத்தார். அவர் மகன் இனிகோ கண்ணசந்தால் கடலுக்குள் நடந்துவிடுவான். ஏரல் பக்கத்து வயக்காட்டிலிருந்து அருணாசலவடிவு வந்தாள். நடவுக்குப் போகும்போது மகன் சங்கரபாண்டியனைத் தூணில் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறவள். அதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை, கட்டுகிற கயிற்றில் பழைய சேலையைச் சுற்றிவைத்திருப்பதாக மட்டும் சொன்னாள். எனக்குத்தான் டைப் அடிக்க முடியவில்லை.

ஏழாவது மனுவில் ஒன்பது பிள்ளைகளின் பெயர் இருந்தது. அதற்குத்தான் பலன் வந்தது. 1975 ஆடியில் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்து பிள்ளைகளைப் பார்ப்பார், பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதுவார் என்று கடிதம் வந்தது. கோவில் மண்டபத்தை இரவல் கேட்டு வாங்கினோம்.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கோட்டைவிட்டோம்.

கிருபைக்கு அதிகாரி வருகிறார் என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும், அப்பாவின் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்‌ஷன். சுவருக்கு வெள்ளை அடிப்பது, பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவுவது, நன்றாகச் சொல்கிற பிள்ளையை முன் பெஞ்சில் உட்காரவைப்பது. அதையே இங்கும் செய்தாள். அத்தனை பிள்ளைக்கும் பவுடர், ரிப்பன், துவைத்த சட்டை. மரியான் விடிவதற்கு முன்பே இனிகோவைத் தோணியில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடலில் போய் வந்தால் அவன் சாமியார் மாதிரி உட்கார்ந்துவிடுவான். அருணாசலவடிவு மகனுக்குப் பிடித்த சில்லுக்கருப்பட்டியை மடியில் கட்டி வைத்திருந்தாள். செல்வதுரை, ஆபீஸில் கழித்துப்போட்ட அளவுப் பலகையையும் ஒரு கூடைச் சங்கையும் கொண்டுவந்து மகள் முன் வைத்தார். துளையில் சங்கைப் போட ஆரம்பித்தால் ஜீவமணிக்கு இரண்டு மணி நேரம் உலகமே வேண்டாம். நான் என் பங்குக்கு அதிகாரிக்கு பேக்கரியில் முந்திரி மக்ரூன் வாங்கி வைத்திருந்தேன்.

அதிகாரி நல்ல மனிதர். அரை மணி நேரம் இருந்தார். ஒன்பது பிள்ளைகளும் ஒரு சத்தம் போடவில்லை. ஜீவமணி சங்கு பிரிக்கிற அழகைப் பார்த்து, "பரவாயில்லையே, அப்பா வேலையை இப்பவே கத்துக்கிட்டாளே" என்றார். மக்ரூன் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அவர் ஜீப் கிளம்பியதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

ஒன்றரை மாதம் கழித்து ரிப்போர்ட்டின் நகல் வந்தது. குழந்தைகள் அமைதியாகவும் நல்ல கட்டுப்பாட்டிலும் இருப்பதாகவும், பெற்றோரின் பராமரிப்பு மெச்சத்தக்கது என்றும், அரசு செலவில் தனி ஏற்பாடு அவசியமில்லை என்றும் எழுதியிருந்தது.

கிருபை அதை இரண்டு முறை படித்தாள். பிறகு என் மேஜை ஓரத்தில் கையை ஊன்றி நின்றாள்.

"பவுடர் போட்டு எம் பிள்ளையக் கெடுத்தது நாந்தான் அண்ணாச்சி. எட்டாளு பிள்ளையையும் சேத்துக் கெடுத்துட்டேன்."

"மக்ரூன் வாங்கினவன் நான். எனக்கும் அதுல பங்கு உண்டு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் தாலுகா ஆபீஸ் பக்கமே வரவில்லை. அவள் வராத நாட்களில் என் மிஷினை யாரும் தொடவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

கார்த்திகையில் வந்தாள். இந்த முறை மனு பத்து வரிதான். திங்கட்கிழமை கலெக்டர் மனு வாங்குகிற நாளில் நேரில் போவதாகச் சொன்னாள். மரியானிடமும் அருணாசலவடிவிடமும் ஏற்கெனவே பேசிவிட்டாள்.

"தோணியும் வேண்டாம், கருப்பட்டியும் வேண்டாம், சங்கும் வேண்டாம்னு சொல்லிட்டேன். பிள்ளைக வீட்டுல எப்படி இருக்குமோ அப்படியே வரட்டும்."

நானும் கடையை மூடிவிட்டுக் கூடப் போனேன். பஸ்ஸில் போகும்போதே இரண்டு பிள்ளைகளுக்காக நாங்கள் நடுவழியில் இறங்கி ஏறினோம். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் கூடத்தில் நல்ல கூட்டம். மேலே ஒரு மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. ஜீவமணி அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தது, அவ்வளவுதான். தரையில் விழுந்து அலற ஆரம்பித்தது, மணிக்கட்டைக் கடித்தது. அதைக் கேட்டு இனிகோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான், மரியான் பின்னால் ஓடினார். டவாலி போட்ட சேவகர், "ஏளா, பிள்ளைய வெளிய கொண்டு போ" என்று கையை ஓங்கினார்.

கிருபை பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கடிக்கிற கைக்கும் பல்லுக்கும் நடுவில் தன் முந்தானையை மட்டும் மடித்துக் கொடுத்தாள். வாயைப் பொத்தவில்லை, வெளியே தூக்கிக்கொண்டு போகவில்லை. நாசரேத் தலைமை ஆசிரியர் மகள், நூறு பேர் பார்க்க, அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் காது சிவந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்ததைவிட அந்தப் பத்து நிமிஷம்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

கலெக்டர் எழுந்து வந்தார். சின்ன வயதுக்காரர். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றதும் பிள்ளையும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எழுந்தது, நேராகக் கலெக்டர் மேஜைக்குப் போனது, அங்கிருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து வந்து அம்மா கையில் வைத்தது.

"தண்ணி கேக்குது ஐயா" என்றாள் கிருபை. "இது ஒண்ணு வர மூணு மாசம் ஆச்சு. இன்னும் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க ஒருத்தங்க வேணும்."

கலெக்டர் யோசித்தார். "நல்லா இருக்கற பிள்ளைங்களுக்கே பள்ளிக்கூடம் போதலையேம்மா" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அதுவரை சுவரோரம் நின்ற செல்வதுரை முன்னால் வந்தார்.

"ஐயா, நான் சங்கு அளக்கவன். துளையில விழுத சின்னச் சங்கையெல்லாம் நம்ம கவர்மெண்டு போட்லதான் ஏத்திட்டுப் போயி மறுபடி கடல்ல விடுதோம். அது வளருமா வளராதான்னு யாருக்கும் தெரியாது. கரையிலயே போட்டா செத்துப்போவும்னு தெரியும். அதனால விடுதோம்."

அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கலெக்டர் மனுவை வாங்கி, அறைக்கும் ஆசிரியருக்கும் ஏற்பாடு செய்யச் சொல்லி நின்றபடியே அதன் ஓரத்தில் எழுதினார்.

அதற்கப்புறமும் ஒரு வருஷம் ஆயிற்று. பைல் என்றால் அப்படித்தான். நடுவில் நான் இன்னும் மூன்று நினைவூட்டு மனு அடித்தேன். 1977 தை மாதம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பழைய கட்டில்கள் போட்டு வைத்திருந்த ஒரு அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள், காலையில் மூன்று மணி நேரம். அரசு சம்பளத்தில் எஸ்றா என்று ஒரு ஆசிரியர், பெங்களூரில் பயிற்சி பெற்றவர். உத்தரவில் ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றுதான் போட்டிருந்தது. அடுத்த வருஷத்து மனுவுக்கு இப்போதே பேப்பர் வாங்கிவைத்திருக்கிறேன் என்று கிருபையிடம் சொன்னேன். ஜீவமணிக்கு அப்போது எட்டு முடிந்து ஒன்பது நடந்தது.

முதல் நாள் நானும் போயிருந்தேன். ஒன்பது பெயரில் ஆரம்பித்தது, அன்றைக்குப் பதினான்கு பிள்ளைகள். கிருபை மகளுக்குத் தலை சீவி ரிப்பன் கட்டியிருந்தாள், பழக்கம் விடுமா. எஸ்றா பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக்கொண்டு, தாய்மார் ஒரு மணி நேரம் வெளியே இருங்கள் என்றார். கதவு சாத்தியதும் உள்ளே ஜீவமணியின் அலறல் கேட்டது. கிருபை எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அலறல் நின்று, மரப்பலகையில் ஏதோ தட்டுகிற சத்தம் வந்தது.

அவள் தன் இரண்டு கையையும் மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, சும்மா இருக்கும்போது நீங்கள்லாம் என்ன செய்வீய?"

எதற்கும் வாயில் பதில் வைத்திருக்கிறவன் நான். அன்று எழுந்து ஆஸ்பத்திரி வாசல் கடைக்குப் போய் ஒரு டீ வாங்கி வந்து கொடுத்தேன். ஆவி பறந்தது. அவள் ஊதி ஊதி, ஒரு இடத்தில் உட்கார்ந்து, டம்ளர் முழுவதையும் குடித்தாள்.