பார்த்த திசையும் எறிந்த திசையும்

முப்பது ஆண்டுகள் ஸ்டோர் காத்தவனுக்கு மனிதர்களின் கையைவிடக் கண்ணைக் கவனிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் இருந்தபோது, இரண்டு பெட்டி ஆணி வாங்க வந்தவன் மூலையிலிருந்த செம்புக் கம்பிச் சுருளை ஒருமுறை பார்த்துவிட்டால், அன்று மாலைக்குள் அந்தச் சுருளை வேறிடத்துக்கு மாற்றிவிடுவேன். ஒருபோதும் என் இருப்பில் குறைவு வந்ததில்லை. அறுபதைக் கடந்தபின் ஷார்ஜாவில் ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பொருள் அறையைக் காக்கும் வேலை கிடைத்தது. பொருள்கள் மாறின. பழக்கம் மாறவில்லை.

அங்கே மாணவர்கள் அமெரிக்கக் கால்பந்து ஆடினார்கள். கால்பந்து என்பது பெயருக்குத்தான். முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து ஆடுகிறார்கள். எங்கள் கல்லூரியில் ஆடியது அதன் சாதுவான வகை. அணிக்கு ஐவர். மோதி வீழ்த்துவது கிடையாது. பந்தோடு ஓடுகிறவனின் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை எதிரணியினர் பறித்துவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். ஐவரில் ஒருவன் பின்னால் நின்று பந்தை வாங்கி, ஓடும் தன் ஆட்களில் எவனுக்கு எறிவது என்று கண்ணிமைப்பில் தீர்மானிக்கிறான். அவனைக் குவார்ட்டர்பேக் என்கிறார்கள். எங்கள் அணியில் அந்த இடத்துக்கு இருவர் இருந்தனர். இறுதி ஆட்டத்தில் ஒருவன்தான் ஆட முடியும்.

பயிற்சியாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கனடாவில் படித்து, அங்கேயே இந்த விளையாட்டை ஆடிப் பழகியவர். ஒருநாள் பொருள் அறைக்கு வந்து, கொப்பி என்று அவர் சொல்லும் ஒரு குறிப்பேட்டையும் நிறுத்து கடிகாரத்தையும் என் மேசைமேல் வைத்தார்.

“ஐயா, நீங்கள் இந்த விளையாட்டை முன்னம் பாத்ததில்லைத்தானே?”

“இல்லை.”

“அதுதான் எனக்கு வேணும். ரெண்டு பேரையும் பழக்கினது நான்தான். என்ர கண்ணை நான் நம்பேலாது. ஒவ்வொரு எறியையும் நீங்கள் எழுதுங்கோ. பந்து கைக்கு வந்து எவ்வளவு நேரத்தில எறியிறான், பிடிபட்டதோ இல்லையோ, அவ்வளவுதான்.”

அவர் போனபின் அந்தக் கொப்பியை நெடுநேரம் திறக்காமலே வைத்திருந்தேன். விவரம் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருக்கும் இடத்தில் விவரமறியாத கிழவனை எதற்குத் தேடி வருகிறார்கள்? நாளை ஒருவனை ஒதுக்கிவிட்டு, “ஐயா எழுதியதைப் பாருங்கள்” என்று கைகாட்டவோ? அந்த ஐயத்தோடுதான் மைதானத்துக்குப் போனேன்.

நிறுத்து கடிகாரம் எனக்கு ஒத்துவரவில்லை. நான் பொத்தானை அழுத்துவதற்குள் பந்து பாதித் தொலைவைக் கடந்திருக்கும். ஆகவே எனக்குத் தெரிந்த அளவுகோலை எடுத்தேன். நாற்பது ஆண்டுகளாக விடியலில் நீறணிந்து ஒரு பதிகமேனும் ஓதாமல் நான் வேலைக்குப் போனதில்லை. அந்தப் பதிகங்களில் ஒன்றின் முதற்பாட்டைப் பந்து கைக்கு வந்த கணத்தில் மனத்துக்குள் தொடங்குவேன். அடிக்கு நான்கு சீர். எந்தச் சீரில் பந்து கையை விட்டதோ அந்த எண்ணைக் குறிப்பேன். மூன்று சீர் என்றால் விரைவு. ஆறு என்றால் தாமதம். கடிகாரம் பழுதாகலாம், என் நாவில் அந்த அடி நீளவோ குறுகவோ செய்யாது என்று நம்பினேன்.

இருவரையும் உயரத்தை வைத்து நெடியவன், குறியவன் என்றே கொப்பியில் எழுதினேன்.

குறியவன் நம்மவன், பரமக்குடிப் பக்கத்துக் குடும்பம். பிறந்தது ஊரில், வளர்ந்தது ஷார்ஜாவில். தோள்வலி உள்ளவன். முப்பது கஜத்துக்கு அப்பாலும் அவன் பந்து தொய்யாமல் சென்று, பிடிப்பவனின் நெஞ்சுக்கு நேரே சேரும். பிழை செய்தால் தலை குனிவான். ஓடிக்கொண்டே எறியும்போது பந்து சற்று உயர்ந்துவிடும் என்பதே நான் அவனிடம் கண்ட குறை. அவன் எவனுக்கு எறியப் போகிறானோ அவனையே பார்ப்பான், பார்த்தவனுக்கே எறிவான்.

நெடியவன் எகிப்து நாட்டவன். பயிற்சிக்குப் பிந்தி வருவான். தொலைவுக்கு எறிந்தால் பந்து காற்றில் தள்ளாடிப் பாதியில் விழும். அருகில் எறிவதோ குழந்தையைக் கைமாற்றுவது போல மென்மையாக இருக்கும். கால்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. பந்தை எதிரணியிடம் பறிகொடுத்துவிட்டும் சிரிப்பான். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்றை இரண்டாம் நாளே கண்டேன். அவன் இடப்புறம் ஓடுகிறவனைக் கூர்ந்து பார்ப்பான். தோளையும் அந்தப் பக்கமே திருப்புவான். பந்தை வலப்புறம் எறிவான்.

நான் ஓதிவரும் பாட்டுகளில் உள்ளும் புறமும் ஒன்றாயிருப்பதே அடியவர்க்கு இலக்கணம். உள்ளத்தில் ஒன்றை வைத்து முகத்தில் இன்னொன்றைக் காட்டுபவனை அந்தப் பாட்டுகள் வாசலுக்கு வெளியே நிறுத்துகின்றன. என் ஸ்டோர் அனுபவமும் அதையே சொல்லியிருந்தது. பார்வை ஓரிடமும் கை வேறிடமும் போகிறதென்றால் நடுவில் ஏதோ களவு இருக்கிறது. யாரோடு இவன் கூட்டு? சொந்த ஆட்களையே ஏமாற்றுகிறவன் இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு விலைபோகமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? பயிற்சியாளர் கேட்காமலே கொப்பியில் ஒரு கட்டம் சேர்த்தேன்: பார்த்த திசை, எறிந்த திசை. இரண்டும் மாறுபட்ட ஒவ்வோர் எறிக்கும் எதிரே ஒரு பெருக்கல் குறி இட்டேன்.

அவனுக்கும் என்மேல் ஒரு கண் இருந்தது. தண்ணீர் குடிக்கும் சாக்கில் வந்து கொப்பிக்குள் எட்டிப் பார்ப்பான். தமிழ் எழுத்து அவனுக்கு எறும்பு வரிசையாகத் தெரிந்திருக்கும். தன் மார்க் எத்தனை என்று வளைகுடாவின் உடைந்த இந்தியில் கேட்பான்.

“அங்கிள், மேரா மார்க் கித்னா?”

“மார்க் மாஃபி, இல்லை. போய் ஆடு.”

“ஹாரா மார்க்? கோஈ பாத் நஹீ,” என்று கண்ணடித்துவிட்டுப் போவான். தோற்ற மார்க்கானாலும் பரவாயில்லையாம். அப்படிச் சொல்கிறவனை எப்படி நம்புவது?

இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில் குறியவனின் தந்தை, மகன் வீட்டில் மறந்துவிட்ட காலணியைக் கொடுக்கப் பொருள் அறைக்கு வந்தார். தொழில்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன். விரல் நகங்களில் எண்ணெய்க் கறை நிலைத்துவிட்ட மனிதர்.

“அவன் என்ன ஆடுறான்னே எனக்குத் தெரியாதுங்கய்யா. வீட்ல சொல்லுவான், ம்ம்னு கேட்டுக்கிருவேன். பந்த எறியிற ஆளு அவந்தானாம்ல?”

“எறியிற ரெண்டு பேர்ல ஒருத்தர்.”

“கடைசி வருசம். ஒருதடவயாச்சும் பாத்துருவோம்னு அரை நாள் லீவு சொல்லிருக்கேன். ஷெட்ல சிரிக்கிறாய்ங்க, பந்து பாக்கவா லீவுன்னு. போனாப் போகுது. வந்தா எறிவானாய்யா?”

நான் சொல்லியிருக்கக் கூடாது. “வாங்க, உங்க பையன்தான் எறிவான்,” என்று சொன்னேன்.

அன்றுமுதல் அந்தச் சொல் என் கடமையாகிவிட்டது. கொப்பி என்னிடம் இருந்தது. குறியவனின் கட்டத்தில் நான்கு சீர், நான்கு சீர், மூன்று சீர். நெடியவனின் கட்டத்தில் ஐந்தும் ஆறும், அவற்றோடு பெருக்கல் குறிகள். இதைப் படித்தபின் யாருக்கும் ஐயம் இருக்காது என்று நினைத்தேன்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு பயிற்சியாளர் வந்து, பந்துப் பெட்டியின்மேல் உட்கார்ந்து கொப்பியைப் புரட்டினார்.

“இதென்ன ஐயா, இவ்வளவு புள்ளடி?”

“பார்த்த எடம் ஒண்ணு, எறிஞ்ச எடம் ஒண்ணு. கள்ளத்தனம். உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்.”

அவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, புள்ளடி என்று அவர் சொன்ன என் பெருக்கல் குறிகளை விரலால் எண்ணினார்.

“இந்தப் புள்ளடிக்குத்தான் நான் அவனோட ரெண்டு வருசமா மாரடிச்சனான். எதிராளி இவன்ர கண்ணைத்தான் பாத்துக்கொண்டு நிப்பான், ஐயா. கண் போற பக்கம் ஓடுவான். அந்தப் பக்கம் அவனை அனுப்பிப்போட்டு இந்தப் பக்கம் எறியிறதுதான் கெட்டித்தனம். இவ்வளவு தரம் செய்யிறான் எண்டு எனக்கே தெரியாது. மற்றவன்ர பக்கத்தில ஒரு புள்ளடியும் இல்லையே?”

“இல்லை. அவன் நேர்மையா எறியிறான்.”

“அதுதான் பிரச்சினை. அவன் எறியமுன்னமே அஞ்சு பேருக்கும் விளங்கிப்போடும்.”

நான் குற்றப் பத்திரிகை என்று எழுதியதை அவர் நற்சான்றாகப் படித்துவிட்டார். இன்னொரு கட்டம் இருக்கிறதே என்று அதைக் காட்டினேன். எறியும் நேரத்தைப் பாருங்கள், குறியவன் எவ்வளவு விரைவு என்றேன். சீர் என்றால் என்னவென்று கேட்டார். சொன்னேன். தம் கைபேசியில் பயிற்சியின்போது எடுத்த காணொளியைத் திறந்தார்.

“ஒருக்கால் ஓதிக் காட்டுங்கோ.”

திரையில் குறியவனின் கைக்குப் பந்து வந்தது. வாய்விட்டு ஓதத் தொடங்கினேன். அடி முடிந்தது. பந்து கையிலேயே இருந்தது. அடுத்த அடியின் இரண்டாம் சீரில்தான் புறப்பட்டது.

“ஆறு,” என்றார். கொப்பியில் அந்த எறிக்கு நான்கு என்றிருந்தது.

மறுபடி ஓடவிட்டார். மறுபடி ஓதினேன். ஆறு. நெடியவனின் எறியை ஓடவிட்டார். நான்காம் சீர் முடியுமுன் பந்து போய்விட்டது. அதே எறிக்கு நான் ஆறு என்று எழுதியிருந்தேன்.

“நீங்கள் பொய் எழுதேல்லை, ஐயா,” என்றார் மெதுவாக. “உங்கட பாட்டுத்தான் அவனுக்காகக் கொஞ்சம் நிண்டு நிண்டு போயிருக்கு.”

அவர் கொப்பியோடு எழுந்து போனார். இருப்பில் குறைந்த பொருளைத் தேடி வந்தவர்கள் ஆட்களையெல்லாம் சோதித்துவிட்டுக் கடைசியில் என் சட்டைப்பையிலேயே அதைக் கண்டெடுத்தது போல இருந்தது. ஒருவனுக்காக இழுத்தும் இன்னொருவனுக்காக விரைந்தும் ஓதியிருக்கிறேன். அதை நான் அறியவில்லை. மறுநாள் விடியலில் அந்தப் பதிகத்தைத் தொடங்கினேன். எந்த வேகத்தில் ஓதுவது என்று தெரியாமல் இரண்டாம் அடியில் நிறுத்திவிட்டேன்.

குறியவனின் தந்தைக்குப் போன் செய்திருக்க வேண்டும். எண் இருந்தது. ஆனாலும் செய்யவில்லை. கடைசி நேரத்தில் எதுவும் மாறலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் அவர் சலவைச் சட்டையில் வந்து இரும்புப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. மகன் கோட்டுக்கு வெளியே நின்றான்.

“எப்பங்கய்யா உள்ள போவான்?”

“பார்ப்போம்.”

நெடியவன் பந்தை வாங்கி இடப்பக்கம் பார்த்தான். எதிரணியில் மூவர் அந்தப் பக்கம் ஓடினர். வலப்புறம் ஆளற்ற வெளியில் பந்து இறங்கியது. நான் கொப்பியும் குறியுமாகக் கண்ட காட்சிதான் அது. ஆனால் அதுவரை நான் எறிகிறவனை மட்டுமே பார்த்திருந்தேன், ஏமாந்து ஓடுகிறவர்களைப் பார்க்கவில்லை.

“அங்கிட்டுப் பாத்துட்டு இங்கிட்டு எறியிறான்யா,” என்றார் தந்தை. “வெவரமான பய.”

இதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. கொப்பியைப் பற்றியும், பார்த்த பக்கமே எறிகிறான் என்று, நல்லதென நினைத்து நான் எழுதியதே அவர் மகனை வெளியே நிறுத்தியது என்பதையும், சீர்களை நீட்டி எண்ணியதையும் சொன்னேன். அவர் திரும்பாமல் கேட்டுக்கொண்டார்.

“அன்னைக்கு எறிவான்னு சொன்னது?”

“நான்தான்.”

“ம்,” என்றார். பிறகு எங்களுக்கு நடுவில் தம் பையை எடுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் இரு அணிகளும் சமமாக நின்றன. நெடியவனின் நீண்ட எறிகள் இரண்டு காற்றில் தொய்ந்து விழுந்தன. அப்போது பயிற்சியாளர் குறியவனை அழைத்தார். அவன் மேலங்கியைக் கழற்றித் தோளைச் சுழற்றினான். தந்தை பெஞ்சின் நுனிக்கு வந்தார். பயிற்சியாளர் அவன் காதில் ஏதோ சொன்னார், மைதானத்தைப் பார்த்தார், மீண்டும் ஏதோ சொன்னார். அவன் மேலங்கியை மாட்டிக்கொண்டான். நெடியவனே தொடர்ந்தான், கடைசி எறியில் எங்கள் அணி வென்றது. மகன் மேலங்கியை மாட்டியபின் தந்தை ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டும் அவனைத்தான் மீதி நேரமெல்லாம் பார்த்திருந்தார்.

மகன் எங்களிடம் வந்து, “சாரிப்பா. லீவு வேஸ்ட்டாப் போச்சு,” என்றான்.

“அத விடு. உன் கண்ணு காட்டிக் குடுக்குதாமேடா.”

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். “ஆமா. கோச் சொன்னாரு. ஒருத்தனையே ஸ்டேர் பண்றேனாம்.”

“எனக்கு இருவது வருசமாத் தெரியும். பரீட்சையெல்லாம் பாஸ்தான?”

“பாஸ்தான்ப்பா.” சொல்லிவிட்டு அவன் கார்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தான், பிறகு தன் காலணியைப் பார்த்தான்.

“எத்தன?”

“ஒண்ணுதான். திரும்ப எழுதிருவேன்.”

“எழுது,” என்றார் தந்தை. மகனின் கழுத்தைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, பையை மறந்து, பிறகு நினைத்து, திரும்பிவந்து எடுத்துப் போனார். என்னிடம் விடைபெறவில்லை. அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

பந்துகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். நெடியவன் கோப்பையை அணைத்தபடி மைதானத்தின் நடுவிலிருந்து வந்தான். பத்தடி தொலைவில் நின்று என்னைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தான். எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். வேலிதான் இருந்தது.