ஜுஹைனாவின் டிசம்பர் இரண்டு

ஜுஹைனா பிறந்ததும் வளர்ந்ததும் ஷார்ஜாவில். வாப்பா சேக் தாவூது அங்கே ஒரு சலவைக் கடையின் வேன் ஓட்டினார். டிசம்பர் இரண்டு அந்த நாட்டின் தேசிய தினம். அன்று மாலை மகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், கம்பித் தடுப்பின்மேல் உட்காரவைத்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார். வாணம் வெடிக்க வெடிக்கத் தண்ணீரெல்லாம் பச்சையும் சிவப்புமாகும். கன்னத்தில் கொடி வரைந்துகொண்ட பிள்ளை, “நம்ம நாடு! நம்ம நாடு!” என்று கத்துவாள். வாப்பா சிரிப்பாரே தவிர, இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இந்தியா என்பது அவளுக்குப் பாஸ்போர்ட்டில் இருந்த ஒரு சொல். பள்ளி விடுமுறைக்கு வந்தால் ஏசி இல்லாமல் வியர்க்கும் ஊர்.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது வாப்பாவுக்கு வேலை போயிற்று. விசாவும் முடிந்தது. பெட்டி கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்தார்கள். பக்கத்து அச்சன்புதூரில் மாப்பிள்ளை அமைந்தது. இத்ரீஸுக்கு ஷார்ஜாவில் வேலை என்றதும் அவள் வேறெதுவும் கேட்காமல் தலையாட்டிவிட்டாள்.

கல்யாணம் முடிந்து விமானம் ஏறியது இத்ரீஸ் மட்டும்தான். “உம்மா தனியா இருக்கா, அடுத்த வருசம் பாப்போம்” என்றான். ஒவ்வொரு வருடமும் அதே பேச்சு. மாமியார் சாஜிதாவும் அவளும் பூட்டிய கேட்டுக்குள் கிடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் அவனிடம் போனில் கேட்டாக வேண்டும். மாமியின் முட்டுவலிதான் தன்னை இங்கே கட்டிப்போட்டிருக்கிறது என்று ஜுஹைனா உள்ளுக்குள் குமைந்தாள்.

போன டிசம்பர் இரண்டு அன்று இத்ரீஸ் வீடியோ காலில் வந்தான்.

“ஏ, இங்க பாரு! ஒன் ஊரு எப்படி மின்னுதுன்னு!”

அதே கம்பித் தடுப்பு. மேலே யாரோ ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

“மச்சான், ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க.”

“உம்மாவ யாரு பாக்குறது?”

பின்னால் நின்ற மாமி வெடுக்கென்று போனை வாங்கினாள். “ஏலே இத்ரீஸு, என்னயச் சாக்கு சொல்லாத. ஒங்க வாப்பாவும் வெளிநாட்டுல இருந்துக்கிட்டு காலம் பூரா என்கிட்ட இதத்தாம்ல சொன்னாவ. நான் என் தங்கச்சி வீட்டுல இருந்துக்கிடுதேன். இவள அழைச்சிட்டுப் போ.”

“இங்க வந்து அவ என்ன செய்யப் போறா? பாப்போம் உம்மா” என்று சொல்லி அவன் போனை வைத்துவிட்டான்.

ஜுஹைனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தடையாக இருந்தது மாமி இல்லை. அவன் கூப்பிடவே போவதில்லை.

“வாணம் அவ்வளவு நல்லாவாட்டி இருக்கும்?” என்று மாமி மெதுவாகக் கேட்டாள்.

ஜுஹைனா சொல்லத் தொடங்கினாள். வேன், ஏரிக்கரை, கன்னத்துக் கொடி எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பேசியதில்லை.

“அப்ப ஒனக்கு எதும்மா நாடு?”

“தெரியல மாமி. அங்க, போதும் கெளம்புன்னுட்டாங்க. இங்கன வெளிய விட மாட்டேங்காங்க.”

மறுநாள் காலை மாமி புர்காவை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். “குத்தாலத்துக்குப் போவோம், வா. அவன்கிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம்.”

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் கூட்டமில்லை. மாமி கரையில் உட்கார்ந்துகொள்ள, ஜுஹைனா தலையில் தண்ணீர் அறைய அறைய நெடுநேரம் நின்றாள். அழுதாளா என்று யாருக்கும் தெரியாது.

கரையேறிப் போனைப் பார்த்தபோது இத்ரீஸின் தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. அவள் திருப்பிக் கூப்பிடவில்லை. ஈரத்துணியோடு இருவரும் பஸ் ஏறினார்கள். அச்சன்புதூரில் இறங்கி வீட்டுக்குள் போனதும், மாமி பழக்கம்போலக் கேட்டைப் பூட்டினாள்.